மாராவின் விடியலில், மேலே போனால் ஏன் குளிரவில்லை?

ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருந்தார். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. மகனுக்கு நைரோபியில் வேலை. அம்மாவை கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குச் சரணாலயத்துக்குக் கூட்டிப்போய் பலூனில் ஏற்றியிருக்கிறார். விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி, ஜீப்பில் இருட்டோடு இருட்டாகப் புல்வெளிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்த பிரம்புக் கூடைக்குள் மல்லாக்கப் படுக்கச் சொன்னார்களாம். பலூன் நிமிர்ந்தபோது கூடையும் நிமிர, அப்படியே எழுந்து நின்றாராம்.

அவர் கேட்டது இரண்டு கேள்விகள். முதலாவது: எதற்காக இந்த நாலு மணி அவஸ்தை? சாவகாசமாகப் பத்து மணிக்குப் பறந்தால் என்ன? இரண்டாவது கேள்வியைப் படித்ததும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். "மேலே போகப் போகக் குளிரும் என்று முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். தரையில் பல் கிட்டித்தது. மேலே போனதும் சால்வையை எடுத்துவிட்டேன். பர்னர் சூடு என்று நினைத்தேன். ஆனால் பர்னரை அணைத்து ஒரு நிமிஷம் மிதந்தபோதும் கதகதப்பாகவே இருந்தது. இறங்கும்போது மறுபடி குளிர். இது என்ன?"

இரண்டுக்கும் பதில் ஒன்றேதான்.

பலூன் எழும்புவது எப்படி என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1783-ல் பிரான்ஸில் மோங்கோல்ஃபியே சகோதரர்கள் காகிதமும் துணியும் சேர்த்துப் பலூன் செய்து, ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவலை முதலில் அனுப்பிவிட்டு, அப்புறம் மனிதர்களை அனுப்பினார்கள். தூக்குவது புகைதான் என்று அவர்கள் நம்பினார்கள். தூக்குவது புகை அல்ல, எடை வித்தியாசம். சூடான காற்று விரிகிறது, அதனால் அதே இடத்தில் குறைவான காற்றே அடங்குகிறது. நைலான் உறையும் புரொப்பேன் பர்னரும் கொண்ட இன்றைய பலூனை எட் யோஸ்ட் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1960-ல் பறக்கவிட்டார். அடிப்படை மாறவில்லை.

மாராவுக்கென்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தப் புல்வெளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே விடியற்காலை 14 டிகிரி குளிரில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.01 கிலோ இருக்கும். உறைக்குள் 95 டிகிரிக்குச் சூடாக்கினால் அதே ஒரு கன மீட்டர் 0.79 கிலோ. வித்தியாசம் 220 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரின் எடை. பதினாறு பேர் போகும் பலூனின் கொள்ளளவு 10,000 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தூக்கும் விசை சுமார் 2,200 கிலோ. உறை, கூடை, எரிவாயு உருளைகள், பைலட், பயணிகள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வெறும் காற்றுதானே என்று நாம் நினைக்கும் அந்த உறைக்குள் இருக்கும் காற்றின் எடை மட்டும் கிட்டத்தட்ட எட்டு டன்!

இப்போது அதே பலூனை வெயிலேறிய பிறகு, 28 டிகிரியில் எழுப்பிப் பாருங்கள். வெளிக்காற்றும் இலேசாகிவிட்டதால் வித்தியாசம் 175 கிராமுக்கு வந்துவிடுகிறது. மொத்தத்தில் 450 கிலோ குறைவு. ஆறு பேரை இறக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். "சூடான காற்று மேலே போகும்" என்று சொல்லிச் சொல்லி, சூடான நாளில் பலூன் நன்றாகப் பறக்கும் என்ற எண்ணம் நம் மனதில் பதிந்துவிட்டது. பலூனுக்கு வேண்டியது உள்ளே சூடு, வெளியே குளிர்.

ஆனால் நாலு மணிக்கு எழுப்புவதற்கு இது மட்டும் காரணமில்லை. ஆட்களைக் குறைத்துக்கொண்டால் பத்து மணிக்கும் தூக்கிவிடலாம். பைலட்டுகள் அப்போது ஏறமாட்டார்கள். காரணம், ஆசிரியை சால்வையை எடுத்த அந்த இடத்தில் இருக்கிறது.

பகலில் வெயில் முதலில் சூடாக்குவது தரையை. தரை காற்றைச் சூடாக்குகிறது. அதனால் கீழே சூடு, மேலே குளிர். கிலோமீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பள்ளிப் பாடம். இரவில் வெயில் இல்லை. தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு வீசிக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அதில் கொஞ்சம் திரும்பி வரும். ஜூலை முதல் அக்டோபர் வரை மாராவில் பெரும்பாலும் வறண்ட காலம், பல இரவுகளில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். உயரமான இடம், ஈரம் குறைந்த காற்று. போன வெப்பம் போனதுதான். தரை வேகமாகக் குளிர்கிறது. காற்று மோசமான வெப்பக்கடத்தி. ஆகவே தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று மட்டும் குளிர்ந்து கனத்து அங்கேயே கிடக்கிறது. நூறு, இருநூறு மீட்டர் மேலே இருக்கும் காற்றுக்குக் கீழே நடந்தது தெரியாது. அது நேற்றைய பகலின் கதகதப்போடு அப்படியே இருக்கிறது.

விடியும்போது பாடப்புத்தகம் தலைகீழாகியிருக்கும். கீழே குளிர், மேலே வெதுவெதுப்பு. இதற்கு வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்று பெயர். வானிலைக்காரர்கள் இன்வெர்ஷன் என்பார்கள். எனக்கு அதை ஒரு ஏரியாக நினைத்துக்கொள்ளப் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத குளிர்காற்று ஏரி ஒன்று, இரவெல்லாம் ஊறி, புல்வெளி முழுக்கத் தேங்கி நிற்கிறது. சரிவுகளில் அது உண்மையிலேயே தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்துக்குப் போகும். மாரா ஆற்றின் வளைவுகளில் விடியற்காலையில் படுத்திருக்கும் மூடுபனி, அந்த ஏரி எங்கே ஆழமாக இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது.

பலூன் இந்த ஏரியின் அடியிலிருந்துதான் கிளம்புகிறது. தரையில் 12 டிகிரி, மேலே 17 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 95 டிகிரி மாறாமல் இருந்தாலும், அந்த ஐந்து டிகிரி வெதுவெதுப்புக்குள் நுழைந்ததும் நம் பத்தாயிரம் கன மீட்டர் பலூன் சுமார் 170 கிலோ தூக்கும் விசையை இழந்துவிடும். ஏறிக்கொண்டிருந்த பலூன் யாரும் பிடித்து இழுக்காமலே தயங்கி நிற்கும். இறங்கும்போது இதற்கு நேர்மாறு. குளிர்ந்த, கனமான காற்றுக்குள் அமிழ அமிழ இழந்த விசை திரும்பி வருகிறது, கீழே மெத்தை விரித்தது போல. எட்டு டன் காற்றைச் சுமந்துகொண்டு, பிரேக் இல்லாத ஒரு வாகனம், வரிக்குதிரைக் கூட்டத்துக்கு மேலே தென்னை மர உயரத்தில் நிதானமாக மிதக்க முடிகிறது என்றால் பைலட்டின் கைத்திறமையோடு இந்த மெத்தைக்கும் பங்குண்டு.

அப்புறம் திசை. பலூனுக்குச் சுக்கான் கிடையாது, காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான். ஆனால் "எந்தக் காற்று" என்று தேர்ந்தெடுக்கலாம். பகலில் தரையும் மேல்காற்றும் கொதிக்கும் குழம்பு போலக் கலந்துகொண்டே இருப்பதால் எல்லா உயரத்திலும் காற்று ஏறக்குறைய ஒரே பக்கம் வீசும். இரவில் அந்தக் கலக்கல் நின்றுவிடுகிறது. கனமானது கீழே, இலேசானது மேலே என்று அடுக்கு அடுக்காகப் பிரிந்து, ஒவ்வொரு அடுக்கும் தன் போக்கில் நழுவுகிறது. மாராவில் அடிமட்டக் காற்று சரிவைப் பார்த்து ஆற்றுப் பக்கம் வழியும். மேலே உள்ளதற்கு வேறு வேலை. மேற்கே சுமார் நூறு கிலோமீட்டரில் விக்டோரியா ஏரி இருக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல் பெரிய நீர்நிலை. இரவில் நிலம் குளிர்ந்து, ஏரி வெதுவெதுப்பாகவே இருப்பதால் காற்று நிலத்திலிருந்து ஏரியை நோக்கிப் போகும். நம் கடற்கரையில் அதிகாலையில் வீசும் நிலக்காற்றேதான்.

ஆக, சற்று ஏறினால் ஒரு திசை, சற்று இறங்கினால் வேறொரு திசை. கிளம்புமுன் விளக்குக் கட்டிய ஒரு சின்ன ஹீலியம் பலூனை விட்டு, அது எந்த உயரத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொள்வார்கள். பறக்கும்போது கூடைக்கு வெளியே எச்சில் துப்பி, அது விழும் போக்கை வைத்துக் கீழ்க்காற்றைக் கணிக்கும் பைலட்டுகளும் உண்டு. கூடைக்குள் இருப்பவருக்குக் காற்றே தெரியாது, நாமும் காற்றோடு காற்றாகப் போவதால். ஒரு அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும்போது மட்டும் சில விநாடிகள் முகத்தில் சிலுசிலுவென்று படும். ஆசிரியை இதையும் கவனித்து எழுதியிருந்தார். அந்தச் சிலுசிலுப்பில் கற்பூர வாசனை வந்ததாம். அது லெலெஷ்வா செடியாக இருக்கும். அதன் இலையைக் கசக்கினால் கற்பூரம் மணக்கும், மாராவில் புதர் புதராக வளர்கிறது.

இந்தக் கலையை மாராவுக்குக் கொண்டுவந்தவர் வனவிலங்குப் படக்காரர் ஆலன் ரூட். 1962-ல் ஆன்டனி ஸ்மித் என்பவர் ஹைட்ரஜன் பலூனில் சான்சிபாரிலிருந்து கிளம்பி ஆப்பிரிக்க நிலத்துக்கு மேலே பறந்தபோது ரூட்டும் கூட இருந்தார். ஹைட்ரஜன் பலூனில் ஏற வேண்டுமென்றால் மணலைக் கொட்ட வேண்டும், இறங்க வாயுவை வெளியே விட வேண்டும். இரண்டுமே திரும்பி வராது. வெப்பக்காற்றில் பர்னரைத் திறந்தால் ஏற்றம், விட்டால் இறக்கம். அடுக்கு மாறி அடுக்கு விளையாட இதுவே ஏற்றது. ரூட் 1974-ல் வெப்பக்காற்று பலூனில் கிளிமஞ்சாரோவையே தாண்டினார். 1976-ல் மாராவில் பயணிகளுக்கான பலூன் தொடங்கியது.

இந்தக் குளிர்காற்று ஏரியைப் பலூன்காரர்களுக்கு வெகு காலம் முன்பே பயன்படுத்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். யானைகள்.

வெதுவெதுப்பான காற்றில் ஒலி வேகமாகப் போகும், ஒரு டிகிரிக்கு விநாடிக்கு 0.6 மீட்டர். பகலில் கீழே சூடு என்பதால் ஒலி அலையின் அடிப்பகுதி முந்திக்கொள்ள, அலை மேல்நோக்கி வளைந்து வானத்தில் வீணாகிறது. இன்வெர்ஷன் இருக்கும்போது மேல்பகுதி முந்தும், அலை தரையை நோக்கி வளையும். மார்கழி விடியலில் அடுத்த ஊர்க் கோயில் ஒலிபெருக்கி பக்கத்துத் தெருவில் பாடுவது போலக் கேட்குமே, அதற்கு ஊர் அடங்கியிருப்பது மட்டும் காரணமில்லை, இந்த வளைவும்தான். யானைகளின் ஆழ்ந்த உறுமலில் 14 முதல் 35 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி உண்டு. அதில் ஒரு பகுதி நம் காதுக்கு எட்டவே எட்டாது. 1984-ல் கேட்டி பெய்ன் என்ற ஒலி ஆய்வாளர், அமெரிக்க மிருகக்காட்சிசாலை ஒன்றில் யானைகளின் பக்கத்தில் நின்றபோது காற்றில் ஏதோ துடிப்பதை உணர்ந்தார். சிறுவயதில் தேவாலயத்தில் பெரிய ஆர்கன் குழாயின் அருகே நின்று பாடும்போது உணர்ந்த அதே துடிப்பு. அதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் யானைகளின் தாழொலிப் பேச்சு வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு நமீபியாவின் எடோஷா புல்வெளியில் வளிமண்டலத்தை அளந்தவர்கள் ஒரு கணக்கு சொன்னார்கள்: நல்ல இன்வெர்ஷன் உள்ள மாலையில், சூரியன் மறைந்த ஓரிரு மணி நேரத்தில், ஒரு யானையின் அழைப்பு பத்து கிலோமீட்டர் வரை, சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் கேட்கலாம். நடுப்பகலில் அந்தப் பரப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். யானையின் ஊர் தினமும் மாலையில் விரிந்து பகலில் சுருங்குகிறது!

பலூனின் பர்னர் இரைச்சலும் இதே வளைவில் வெகுதூரம் போகிறது என்பதை மறக்கக் கூடாது. அதனால் விலங்குகளுக்கு மேலே போகும்போது சத்தம் குறைந்த இன்னொரு வகைச் சுடரைப் பயன்படுத்துவார்கள். ஐரோப்பாவில் மேய்ச்சல் நிலங்களுக்கு மேலே பறப்பதற்கு உதவியதால் அதற்கு மாட்டு பர்னர் என்றே பெயர். தாழ்வாகப் பறந்து வில்டபீஸ்ட் என்ற பெரிய மான்களின் கூட்டத்தை ஓடவிட்டுப் படம் எடுப்பது அநியாயம். நல்ல பைலட் அதைச் செய்யமாட்டார்.

சூரியன் ஏறியதும் தரை சூடாகத் தொடங்குகிறது. ஏரி அடியிலிருந்து கரைகிறது. கடைசியில் அங்கங்கே வெப்பக் காற்றுத் தூண்கள் பீறிட்டுக் கிளம்பும். ஒரு பக்கம் ஏற்றம், பக்கத்திலேயே இறக்கம், தரையில் திடீர் வீச்சு. தூக்கும் விசை போதுமானதாக இருந்தாலும் பத்து மணிக்குப் பலூன் ஏறாததற்குக் காரணம் இதுதான்.

இதே தூண்களுக்காகக் காத்திருப்பவை பிணந்தின்னிக் கழுகுகள். ஆறேழு கிலோ எடையைச் சிறகடித்தே தூக்கிக்கொண்டு நாளெல்லாம் இரை தேடக் கட்டுப்படியாகாது. ஆகவே தூண் கிளம்பும் வரை மரத்தில் உட்கார்ந்திருக்கும். 1970-களின் தொடக்கத்தில் காலின் பென்னிகுயிக் என்ற விலங்கியலாளர் (முல்லைப் பெரியாறு பென்னிகுயிக் அல்ல, இவர் வேறு) தான்சானியாவின் செரெங்கெட்டி புல்வெளியில் மோட்டார் கிளைடர் ஒன்றில் இந்தக் கழுகுகளோடு கூடவே சுற்றிச் சுற்றிப் பறந்து, அவை எப்படி ஒரு தூணில் ஏறி அடுத்த தூணுக்குச் சறுக்குகின்றன என்று அளந்தார். கூட்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேலே போய் இரை தேட அவற்றால் முடியும் என்று தெரிந்தது.

கழுகின் பின்னால் விமானம் ஓட்டுவதற்கு யார் பணம் கொடுப்பது என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு, நம் நாட்டில் சற்று அதிகமாகவே உண்டு. அந்த நூறு கிலோமீட்டரால்தான் இன்று நமக்கு ஒன்று புரிகிறது: சரணாலயத்துக்குள் கூடு கட்டிய கழுகு, வெகுதொலைவில் யாரோ சிங்கத்துக்கு விஷம் வைத்த மாட்டைத் தின்று சாகும். வேலி போட்டு அதைக் காப்பாற்ற முடியாது. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தால், அந்த மாடுகளின் பிணத்தைத் தின்ற நம் கழுகுகளை ஏறக்குறைய முழுவதும் இழந்துவிட்டு, 2006-ல்தான் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தோம். பறவைகள் எங்கே போகின்றன, எதைத் தின்கின்றன என்று வருஷக்கணக்கில் பின்தொடரும் ஆட்களுக்குக் காசு கொடுத்திருந்தால் இன்னும் முன்னாலேயே விழித்திருக்கலாம். இது என் திடமான எண்ணம்.

ஆசிரியையின் கடிதத்தின் கடைசிப் பத்தி இறங்கிய பிறகு நடந்தது. ஏழரை மணி இருக்கும். புல்வெளியில் மேஜை போட்டுக் காலை உணவு. ஆட்கள் உறையிலிருந்து காற்றைப் பிதுக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்களாம். பைலட் மட்டும் சாப்பிட்டபடியே தூரத்து வேலமரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதன் உச்சியில் ஏழெட்டுக் கழுகுகள், சிறகைக்கூட அசைக்காமல். ரொம்ப நேரம் கழித்து ஒன்று கிளம்பி, நாலு தடவை அடித்து, பிறகு அடிக்காமலே வட்டம் போட்டு மேலே போனது. பைலட் தட்டை வைத்துவிட்டு, மூட்டையை ஜீப்பில் ஏற்றச் சொன்னாராம்.