காலை 7 மணி நியூஸ்லெட்டர் 10 மணிக்கு வந்து சேர்வது ஏன்?

7 மணிக்கே அனுப்பியாகிவிட்டது என்று மென்பொருள் காட்டும். வாசகரின் இன்பாக்ஸுக்கு அது 10 மணிக்குத்தான் போயிருக்கும். பதறிப்போய் மறுபடி அனுப்பிவிடாதீர்கள். முதல் மெயில் எங்கோ க்யூவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிசையில்) நிற்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டாகப் போனால் ஸ்பேம் என்று குறிப்பவர்கள் கூடுவார்கள், அடுத்த இதழ் இன்னும் தாமதமாகும்.

நேரம் எங்கே போனது என்று மெயிலே சொல்லும். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, தாமதமாக வந்த மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். மெயில் புறப்பட்ட இடம் அடியில் இருக்கும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் நேரம் உண்டு. +0000, -0700 என்று நேர மண்டலம் மாறி மாறி வரும். எல்லாவற்றையும் இந்திய நேரத்துக்கு (+0530) மாற்றிய பிறகே கழித்துப் பாருங்கள். அடிவரியிலேயே 10 மணி என்றால் கோளாறு உங்கள் பக்கம். அடிவரி 7:00, அடுத்தது 9:50 என்றால் வழியில் தேங்கியிருக்கிறது.

உங்கள் பக்கக் கோளாறுகளில் எளிதானது நேர மண்டலம். சரியாக ஐந்தரை மணி நேரம் தாமதம் என்றால் அமைப்பு யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கிறது. வேர்ட்பிரஸில் வேறொரு சிக்கல்: அதன் உள் கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் கருவி), தளத்துக்கு யாராவது வந்தால்தான் ஓடும். விடியற்காலையில் ஆள் வராத தளத்தில் 7 மணி வேலை அப்படியே கிடக்கும். உள் கிரானை நிறுத்திவிட்டு, ஹோஸ்டிங் பேனலில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் கிரான் ஜாப் போடுங்கள். ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் முறையில்) மணிக்கு இத்தனை மெயில் என்ற வரம்பும் இருக்கும். வரம்பு 300, சந்தாதாரர் 3,600 என்றால் கடைசி ஆளுக்குப் போய்ச்சேர 12 மணி நேரம் ஆகும். எந்த அமைப்பை மாற்றினாலும் இது குறையாது; மெயில் அனுப்புவதற்கென்றே உள்ள சேவைக்கு மாறுவதுதான் வழி.

வழியில் தேங்கியிருந்தால் சர்வர் லாகில் (மெயில் சர்வரின் பதிவேட்டில்) 'டிஃபர்டு', அதாவது தள்ளிவைக்கப்பட்டது, என்ற சொல்லையும், பக்கத்தில் 421, 451 போன்ற எண்ணையும் தேடுங்கள். 4-இல் தொடங்கினால் 'இப்போது முடியாது, பிறகு வா' என்று பொருள். 5-இல் தொடங்கினால் ஏற்கவில்லை என்று பொருள். காரணம் பக்கத்திலேயே இருக்கும், இல்லாத முகவரி என்றால் பட்டியலிலிருந்து நீக்குங்கள். 4-இல் தொடங்கும் பதில் வந்த மெயிலை, போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் தன் இயல்பு அமைப்பில் 5 நாள் வரை திரும்பத் திரும்ப அனுப்ப முயலும். சில வாசகருக்கு மறுநாள் போய்ச் சேர்வது இதனால்தான்.

புது ஐபியிலிருந்து (அனுப்பும் சர்வரின் இணைய எண் முகவரியிலிருந்து) ஒரே மூச்சில் பெரிய பட்டியலுக்கு அனுப்புவதே 421 வர முக்கியக் காரணம். முதலில் வழக்கமாகத் திறந்து படிப்பவர்களுக்குச் சில நூறு, பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள். மெயில் உங்கள் டொமைன் பெயரில் உண்மையாகவே வருகிறதா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் சரியாக இருக்கவேண்டும். ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் இது கட்டாயம். ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது, 0.1-க்குக் கீழே வைத்திருப்பது நல்லது.

நேரத்தை 7:00 என்று வைக்காமல் 6:47 என்று வையுங்கள். முழு மணிக்கு எல்லோரும் அனுப்புவதால் அப்போது நெரிசல் அதிகம்.

ஓடிபி, கட்டண ரசீது போன்றவற்றை நியூஸ்லெட்டர் போகும் அதே ஐபியில் விடாதீர்கள். தனி சப்டொமைன், தனி ஐபி, தனி க்யூ கொடுங்கள். இதழ் இரண்டு மணி நேரம் தேங்கினால் வாசகர் பொறுப்பார். பத்து நிமிடத்தில் காலாவதியாகும் ஓடிபி அதன் பின்னால் நின்றால் வாடிக்கையாளரால் உள்ளே நுழையவே முடியாது.