பையனுக்கு ஸ்டாமினா இல்லீங்களாம்

இந்த மாதத்தில் என்னிடம் சிகிச்சைக்கு இப்படி வருவது இது நான்காவது. உடுமலைப் பக்கத்திலிருந்து ஓர் அப்பா, கூடவே எட்டாவது படிக்கும் மகன். 2019இல் சென்னை சிட்டி அணி நம்ம கோவை நேரு ஸ்டேடியத்தில் ஐ-லீக் கோப்பையைத் தூக்கியதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு ஃபுட்பால் பைத்தியம். பையனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முண்டு தட்டி நிற்கிறது, தொட்டாலே சுருங்குகிறான். அப்பா காட்டியது பையனின் காலை அல்ல, போனை. வெளிநாட்டுச் சீனியர் வீரர்களின் யோ-யோ டெஸ்ட் அட்டவணை. போய்த் திரும்பி ஓடவிட்டு ஸ்டாமினாவை அளக்கும் சோதனை அது. "ஏனுங்க மேடம், இதுல பாதிகூட ஓட மாட்டேங்கறானுங்க. ஸ்டாமினாவே இல்லீங்க." அதனால் கிளப் பயிற்சி போக, தினமும் விடிகாலையில் தார் ரோட்டில் எட்டு கிலோமீட்டர்.

முழங்கால் எங்களுக்குப் பழகிய கதை. வளரும் வயதில் தசைநார் இழுத்து இழுத்து முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது, ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்போம். ஓட்டத்தையும் குதிப்பையும் குறைத்தால் அடங்கும். என் எரிச்சலெல்லாம் அந்த அட்டவணை மேல்தான்.

முறையாகப் பயிற்சி எடுக்கும் பதின்வயதுப் பையன்களை அளந்து பாருங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, நிமிடத்துக்கு அவர்கள் அதிகபட்சமாக எடுக்கும் ஆக்சிஜன் 55, 60 மில்லிலிட்டர் வரும். ஸ்டாமினாவுக்கு அதுதான் முக்கியமான அளவுகோல். சீனியர்களும் ஏறக்குறைய அங்கேதான். அப்புறம் ஏன் யோ-யோவில் இவ்வளவு இடைவெளி? அது நேராக ஓடுகிற ஓட்டம் இல்லைங்க. 20 மீட்டர் போய், சடாரென்று திரும்பி வந்து, 10 நொடி மூச்சு வாங்கி, மறுபடி இன்னும் வேகமாக. பிரேக் போடவும் பிய்த்துக்கொண்டு கிளம்பவும் தொடையில் பலம் வேண்டும். பருவம் வந்து தசை ஏறும்போதுதான் அது வரும். பையன்கள் சராசரியாக 14 வயது வாக்கில் மளமளவென்று வளர்கிறார்கள். பலம் அதற்குச் சில மாதம் பின்னால்தான் வரும். தார் ரோட்டில் ஓடவிட்டு அதை முன்கூட்டி வரவழைக்க முடியாது.

ஒரே அண்டர்-14 அணியில் ஒருவனுக்கு அரும்பு மீசை, இன்னொருவனுக்குக் கீச்சுக்குரல். இருவரையும் ஒரே ஸ்டாப்வாட்சில் அளந்து மீசைக்காரனை எடுக்கும் கோச்சுகளுக்கும் இதைச் சொல்கிறேன். இங்கிலாந்து வீரர் ஜேமி வார்டியைக் குள்ளம் என்று 16 வயதில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் கழித்துவிட்டது. 2016இல் லெஸ்டர் சிட்டியோடு அவர் பிரீமியர் லீக் பட்டம் வென்றார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கதவு நிலையில் உயரத்தைக் கோடு போடுங்கள். கோடு வேகமாக ஏறுகிற காலத்தில் குதிப்பதையும் ஸ்பிரின்டையும் குறையுங்கள். வாரத்தில் மொத்தப் பயிற்சி மணிநேரம் பையனின் வயதைத் தாண்டக் கூடாது. பள்ளி, கிளப், உங்கள் தார் ரோடு எல்லாம் சேர்த்துத்தான். தெரிந்தவர் மேற்பார்வையில் எடைப் பயிற்சி செய்தால் உயரம் நின்றுவிடாது, அந்தப் பயத்தை விடுங்கள். இடுப்பு வலியோடு நொண்டினால் மட்டும் தயவுசெய்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள்.

ஆறு வாரத்துக்கான பயிற்சித் தாளை எழுதிக் கொடுத்தேன். அப்பா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், இதுல எத்தனை கிலோமீட்டர்னு போடலீங்களே?"