மாவுக்குள் ஒரு தசைநார்

அரைக் கிலோ மைதாவைக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து, உருண்டை பிடித்து, தண்ணீரில் மூழ்கும்படி அரை மணி நேரம் போட்டு வையுங்கள். அப்புறம் அந்த உருண்டையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கசக்குங்கள். தண்ணீர் பால்போல வெளுக்கும். அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி கசக்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது தண்ணீரில் உருண்டை துண்டு துண்டாகப் பிய்ந்து போகும். முதன்முறை செய்தபோது எல்லாம் கரைந்துவிட்டது என்று நினைத்துப் பாத்திரத்தைக் கவிழ்க்கப் போனேன். ஆனால் விடாமல் கசக்கினால் பிய்ந்த துண்டுகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கின்றன. ஐந்தாறு தண்ணீருக்குப் பிறகு கையில் பழுப்பு நிறத்தில் ஒரு பிண்டம் மிஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். விரலால் பிரித்தால் நார் நாராக வரும்.

கையில் இருப்பது குளூட்டன், அதாவது கோதுமையின் புரதம். மாவில் பெரும்பகுதி மாவுச்சத்து. புரதம் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். மாவுச்சத்துத் துகள்கள் குளிர்ந்த நீரில் கரைவதில்லை, வெறுமனே உதிர்ந்து தண்ணீரோடு போய்விடும். புரதமோ தண்ணீர் பட்டதும் வலையாகப் பின்னிக்கொள்ளும். அந்த வலையில் இரண்டு வகைப் புரதங்கள். குளூட்டெனின் நீளமானது, கந்தக அணுக்கள் வழியே ஒன்றோடொன்று பிணைந்து கிடப்பதால் இழுத்தாலும் திரும்பி வரும். கிளையாடின் உருண்டையானது, அது நடுவில் இருந்துகொண்டு இழைகளை வழுக்க விடும். முதலாவதால் மாவுக்கு இறுக்கம், இரண்டாவதால் இளக்கம். அரைக் கிலோ மாவில் ஏறத்தாழ 150 கிராம் ஈரக் குளூட்டன் தேறும். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். வேகவைத்தால் வலை அப்படியே இறுகி, பல்லுக்கு இறைச்சியைப்போல எதிர்ப்புக் காட்டும் ஒன்றாக மாறிவிடும்.

சீனர்கள் இதற்கு வைத்த பெயர் மியன்ஜின். ‘மாவின் தசைநார்’ என்று பொருள். ஐரோப்பாவில் இதே வேலையை 1728-ல் இத்தாலியின் பொலோன்யா நகரில் யாக்கொப்போ பெக்காரி என்ற அறிஞர் செய்தார். கழுவி எடுத்த அந்தப் பசை, செடியிலிருந்து வந்த பொருள்போல் இல்லாமல் விலங்கின் உடலிலிருந்து வந்ததுபோல் நடந்துகொள்கிறது என்று அவர் வியந்தார். அழுகும்போது வரும் வாடைகூட அப்படித்தான். தாவரத்திலும் புரதம் உண்டு என்று ஐரோப்பிய வேதியியல் தெரிந்துகொண்டது இப்படி மாவைக் கழுவித்தான். சீனச் சமையல்காரர்களுக்கு அது பல நூற்றாண்டுகளாகக் கைப்பழக்கம்.

அவர்கள் எதற்காக மாவைக் கழுவினார்கள்? புலால் மறுப்பு என்ற எண்ணம் மிகப் பழையது. இந்தியாவில் சமணமும் பௌத்தமும் கொல்லாமையை வாழ்க்கையின் நடுவில் வைத்தன. கிறிஸ்து பிறப்பதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பு அசோகர் பாறையில் வெட்டுவித்த முதல் சாசனம், அரண்மனை அடுக்களையில் முன்பெல்லாம் நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது இரண்டு மயிலும் ஒரு மானும்தான், அந்த மூன்றும் இனிக் கொல்லப்படமாட்டா என்று சொல்கிறது. ஓர் அரசன் தன் அடுக்களைக் கணக்கைக் கல்லில் எழுதி ஊருக்குக் காட்டியதை நினைத்தால் இப்போதும் மனம் நெகிழ்கிறது. கிரேக்கத்தில் உயிர் உடல் விட்டு உடல் மாறும் என்று நம்பிய பைத்தாகரஸ் வழியினர் இறைச்சியை விலக்கினர். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டு வரை சைவ உணவுக்காரர்களைப் ‘பைத்தாகரஸ் ஆட்கள்’ என்றே அழைத்தார்கள். 1847-ல் இங்கிலாந்தின் ராம்ஸ்கேட் நகரில் சைவ உணவுச் சங்கம் தொடங்கிய பிறகுதான் ‘வெஜிடேரியன்’ என்ற சொல் நிலைத்தது.

ஆனால் கொள்கை ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம். இந்தியாவில் தொடக்ககாலப் பௌத்தத் துறவிகள் பிச்சையேற்று உண்டவர்கள். அவர்களுக்குச் சமையல் கவலை இல்லை. சீனாவுக்குப் போன பௌத்தத்தில் மடங்களே சமைக்கத் தொடங்கின. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியாங் அரசின் பேரரசர் வூ, துறவிகளுக்கு இறைச்சியும் மதுவும் கூடாது என்று ஆணையிட்டார். வெங்காயம், பூண்டு வகைகளும் துறவிகளுக்கு விலக்கு. ஒரு பெரிய மடத்தின் சமையல்காரரை எண்ணிப் பாருங்கள். நாள் தவறாமல் பெரும்பந்தி. இறைச்சி இல்லை, பூண்டு இல்லை. வந்து உட்காரும் விருந்தினர்களோ இறைச்சி தின்று பழகியவர்கள். என் பார்வையில் உலகின் முதல் உணவு அறிவியல் கூடங்கள் இந்த மடத்து அடுக்களைகள்தான்.

சோயாப் பாலைக் கட்டியாக்கிச் செய்யும் டோஃபுவும் அங்கே செழித்த பொருள். யார் முதலில் செய்தார் என்பதற்குப் பழங்கதைகள்தான் உண்டு. 10ஆம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பு ஒன்று, இறைச்சி வாங்காமல் சிக்கனமாக வாழ்ந்த ஒரு துணை அதிகாரியைப் பார்த்து ஊரார் டோஃபுவுக்கே ‘துணை அதிகாரியின் ஆட்டிறைச்சி’ என்று பெயர் வைத்ததைச் சொல்கிறது. செய்முறையில் நடப்பது இதுதான். ஊறிய சோயாவை அரைத்து, வடித்து, கொதிக்க வைக்கும்போது சுருண்டிருந்த புரதங்கள் பிரிகின்றன. ஆனாலும் அவை சேர்வதில்லை. எல்லாமே எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அதில் ஜிப்சம் என்ற கால்சியம் உப்பைக் கொஞ்சம் கரைத்து ஊற்றினால் கால்சியம் அயனி இரண்டு புரதங்களுக்கு நடுவே பாலம்போல நின்று இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. சில நிமிடங்களில் பாத்திரம் முழுக்கக் கட்டியாகிவிடும். ஜிப்சத்தின் கால்சியமும் உணவிலேயே தங்கிவிடுகிறது. பால் குடிக்காதவர்களுக்கு அது பெரிய வரவு. கொதிக்கவைப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு: சோயாவில் செரிமான நொதியைத் தடுக்கும் ஒரு பொருளில் பெரும்பகுதி அந்தச் சூட்டில் செயலிழக்கும்.

ஜப்பானின் கோயா மலை மடங்களோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு வகை உண்டு. டோஃபுவைக் குளிரில் உறையவிட்டு, பிறகு உருக்கிக் காயவைப்பார்கள். உள்ளே வளரும் பனிப்படிகங்கள் புரதத்தை நெருக்கித் தள்ளிச் சுவராக்குகின்றன. பனி உருகி வடிந்ததும் படிகம் இருந்த இடமெல்லாம் துளையாகி, பஞ்சு போன்ற ஒன்று மிஞ்சும். குழம்பில் போட்டால் துளைகள் அத்தனையும் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும், கடித்தால் பீறிடும்.

ஜாவாவில் வேறு வழி கண்டார்கள். வெந்த சோயாவில் ரைசோபஸ் பூஞ்சையை வளரவிட்டால், ஓரிரு நாளில் அதன் வெள்ளை இழைகள் பருப்புகளைத் தைத்து ஒரே கட்டியாக்கிவிடும். டெம்பே என்று அதற்குப் பெயர்.

சரி, பல்லுக்கு வேலை கிடைத்துவிட்டது. நாக்குக்கு? இறைச்சிச் சாற்றில் ஒரு நிறைவான சுவை இருக்கிறதே, அதற்கு மடங்கள் கண்ட விடைதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஜப்பானில் 675-ல் பேரரசர் தென்மு ஓர் ஆணையிட்டார்: ஆண்டின் நான்காம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி இவற்றைத் தின்னக்கூடாது. அதன்பின் வந்த நூற்றாண்டுகளிலும் இறைச்சி அங்கே பெரும்பாலும் ஒதுக்கப்பட்டே இருந்தது. பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டது 1872-ல் பெரும் செய்தியானது. இறைச்சி ஒதுங்கியிருந்த அந்த நீண்ட காலத்தில் மீன்கூடச் சேர்க்காத மடத்துச் சமையல் வளர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் ஜென் பௌத்த ஆசான் டோகென், மடத்துச் சமையல்காரருக்கென்றே தனி நூல் எழுதினார். அந்தச் சமையலின் உயிர் ஒரு தெளிந்த சாறு. அதில் போடுவது இரண்டே பொருள்: கொம்பு எனப்படும் காய்ந்த கடற்பாசி, உலர்ந்த ஷீட்டாக்கே காளான்.

1908-ல் டோக்கியோவில் வேதியியல் பேராசிரியர் கிகுனாயே இகேதா இந்தக் கடற்பாசியை 12 கிலோ எடுத்து வடித்து 30 கிராம் குளூட்டமேட் என்ற பொருளைப் பிரித்தார். அதன் சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்ற நான்கோடு ஐந்தாவதாக அதை வைத்தார். தாய்ப்பாலிலும் குளூட்டமேட் நிறைய இருக்கிறது. பேச்சு வருமுன்பே நமக்குத் தெரிந்த சுவை அது. காளானின் ரகசியம் வெளிவர 1957 ஆகிவிட்டது. அகிரா குனினாகா என்ற ஆய்வாளர் அதிலுள்ள குவானிலேட் என்ற சுவைப்பொருளை அடையாளம் கண்டார். அதைவிட முக்கியம், குளூட்டமேட்டும் குவானிலேட்டும் சேர்ந்தால் சுவை கூடுவதில்லை, பெருகுகிறது என்று அவர் காட்டியதுதான். தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு.

ஏன் பெருகுகிறது? நாக்கில் உமாமியை உணரும் ஏற்பியை, பூச்சி விழுந்ததும் மூடிக்கொள்ளும் வீனஸ் செடியின் இலையாக நினைத்துக்கொள்ளுங்கள். குளூட்டமேட் அந்த இலையின் மடிப்புக்குள் போய் உட்கார, இலை மூடுகிறது. மூளைக்குச் செய்தி போகிறது. ஆனால் தனியாக இருந்தால் அது சீக்கிரம் திறந்துவிடும். குவானிலேட் இலையின் வாயோரத்தில் உட்கார்ந்து, மூடியதைத் திறக்காமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் கொஞ்சம் குளூட்டமேட்டே நெடுநேரம் பேசுகிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கடற்பாசியைப் போட்டு, 60 டிகிரி சூட்டில், கை வைக்க முடியாத ஆனால் கொதிக்காத பதத்தில், ஒரு மணி நேரம் வையுங்கள். கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கிவிடும். காளானுக்கு முறை வேறு. உலர்ந்த காளானில் குவானிலேட் தயாராக இருப்பதில்லை. குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிறகு சூடேற்றும்போது, 60, 70 டிகிரியில் ஒரு நொதி காளானின் ஆர்.என்.ஏ-வை உடைத்து அதை உண்டாக்குகிறது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் இன்னொரு நொதி முந்திக்கொண்டு உண்டானதை அழித்துவிடும். இரண்டு சாற்றையும் தனித்தனியே ருசித்துவிட்டு, பிறகு கலந்து ஒரு வாய் குடியுங்கள். நான் கலந்ததைக் குடித்தபோது உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்தது. போடவில்லை.

பல்லும் நாக்கும் ஒப்புக்கொண்டாலும் உடம்புக்கு வேறு கணக்கு உண்டு. புரதங்கள் அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகளால் ஆனவை; அவற்றில் உணவிலிருந்தே வந்தாக வேண்டியவை ஒன்பது. கோதுமை, அரிசி போன்ற தானியங்களில் அவற்றில் ஒன்றான லைசின் குறைவு. பருப்புகளில் அது நிறைய, ஆனால் இன்னொன்றான மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. குளூட்டனும் டோஃபுவும் ஒரே மடத்தில் வளர்ந்ததில் இந்தக் கணக்கும் தானாகவே சரியாகிவிட்டது. ஒரே வேளையில் இரண்டையும் சேர்த்துத்தான் தின்ன வேண்டும் என்று 1970களில் பலர் பயந்தார்கள். தேவையில்லை. உடல் அமினோ அமிலங்களைக் கொஞ்சம் இருப்பில் வைத்திருக்கும், ஒரு நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும்.

எந்தச் சமையல்காரராலும் தீர்க்க முடியாதது ஒன்று இருந்தது: பி12 வைட்டமின். 1926-ல் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள், உயிரைக் குடிக்கும் ஒருவகை இரத்தசோகையை ஈரல் உணவால் மீட்கலாம் என்று காட்டினார்கள். ஈரலில் என்ன இருக்கிறது என்று தெரிய இன்னும் 22 ஆண்டுகள் பிடித்தன. 1948-ல் பிரித்தெடுத்தபோது அது சிவப்புப் படிகமாக வந்தது. நடுவில் ஒரு கோபால்ட் அணு. அதன் வடிவத்தை எக்ஸ் கதிரால் தீர்த்த டோரதி ஹாட்ஜ்கின் 1964-ல் நோபல் பரிசு பெற்றார்.

பி12-ஐச் செடிகள் செய்வதில்லை, விலங்குகளும் செய்வதில்லை. பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் மட்டுமே செய்கின்றன. மாட்டுக்கு அதன் இரைப்பையில் வாழும் பாக்டீரியாவே கொடுத்துவிடுகிறது. நம் பெருங்குடலிலும் அப்படிப்பட்டவை உண்டு, ஆனால் நாம் பி12-ஐ உறிஞ்சுவது அதற்கு முந்திய சிறுகுடலின் கடைசியில், அதனால் பயனில்லை. பால், முட்டை சேர்ப்பவர்களுக்கு ஓரளவு கிடைத்துவிடும். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் பாலையும் விட்டு ‘வீகன்’ என்ற சொல்லை உருவாக்கியபோது இந்த வைட்டமின் இன்னும் கண்டுபிடிக்கப்படவே இல்லை. ஈரல் இதைச் சில ஆண்டுகளுக்குச் சேமித்து வைத்திருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. தெரியும்போது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். பால்கூடச் சேர்க்காதவர்கள் பி12 மாத்திரையையோ பி12 சேர்த்த உணவையோ தவறவிடக்கூடாது. இதை நான் எந்த ஐயமும் இல்லாமல் சொல்வேன்.

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் என்பது பொதுவான அளவு. அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிராம், ஒருவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வரும். மாத்திரையில் இருப்பதும் ஈரலிலிருந்து எடுத்ததில்லை. பெரிய தொட்டிகளில் பாக்டீரியாவை வளர்த்து, அதனிடமிருந்தே நேராக எடுக்கிறார்கள்.