ஹவாலா: உண்டியல் மாற்று

வாளையாறு சோதனைச் சாவடியில் ஒரு காரில் கட்டுக்கட்டாக ரொக்கம் பிடிபட்டால், மறுநாள் கோவைப் பதிப்புகளில் அது 'ஹவாலா பணம்' ஆகிவிடுகிறது. சொல்லின் பொருளோ ஏறத்தாழ இதற்கு நேர்மாறானது. பணம் எல்லையைத் தாண்டாமலே அதன் மதிப்பு மட்டும் தாண்டுவதுதான் ஹவாலா. ஆய்வுக் கட்டுரையில் இதைத் தமிழில் எந்தச் சொல்லால் எழுதுவது என்பதே இங்குக் கேள்வி.

துபாயில் கூலி வேலை பார்க்கும் ஒருவர் தாராபுரத்திலுள்ள தம் வீட்டுக்குப் பணம் அனுப்ப விரும்புகிறார் என்று கொள்வோம். துபாயிலுள்ள தரகரிடம் அந்நாட்டு நாணயமான திர்காமாகக் கொடுக்கிறார். தரகர் ஈரோட்டிலுள்ள தம் கூட்டாளிக்குத் தகவல் சொல்ல, அவர் தம் கையிருப்பிலிருந்து ரூபாயாக வீட்டாரிடம் சேர்ப்பிக்கிறார். அடையாளத்துக்குப் பெரும்பாலும் ஒரு பத்து ரூபாய்த் தாளின் வரிசை எண்ணே போதும். இரு தரகர்களுக்கும் இடையே நிற்கும் பாக்கி, எதிர்த்திசையில் வரும் வேறொரு கொடுக்கலாலோ, சரக்கின் விலைப்பட்டியலைக் கூட்டியோ குறைத்தோ எழுதுவதாலோ பின்னர் நேர் செய்யப்படுகிறது. யார் யாருக்கு எதற்காக அனுப்பினார் என்பது எந்த வங்கி ஏட்டிலும் ஏறாததால், கடத்தல் கும்பல்களும் ஆயுதக் குழுக்களும் இவ்வழியை நாடுகின்றன.

'ஹவாலா' அரபுச் சொல். மாறுதல், மாற்றுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்து, ஒருவர் மேலுள்ள கடனை இன்னொருவர் மேல் மாற்றி விடுவதைக் குறிக்கும் இசுலாமியச் சட்டச் சொல்லாயிற்று. பாரசீகத்தில் அது 'பொறுப்பு' என்றும் பொருள்பட்டது. பொறுப்பை ஏற்றவரே ஹவால்தார், நம் அவில்தார். பிடிபடுகிறவரின் தொழிலும் பிடிப்பவரின் பதவியும் ஒரே சொல்லின் பிள்ளைகள்!

நாளிதழ்கள் இதைச் 'சட்டவிரோதப் பணப் பரிமாற்றம்' என்று பெயர்க்கின்றன. இது இருவகையில் பிழை. இந்தியாவில் 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி இம்முறையில் வெளிநாட்டுப் பணம் பெறுவது விதிமீறல். ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தில் பதிவு செய்துகொண்டு வெளிப்படையாக நடத்தலாம். மேலும், குற்றத்தில் ஈட்டிய பணத்துக்கு நல்ல வேடம் போடும் பணச் சலவைக்கும் இதே தொடரை எழுதுவதால், கருவியும் குற்றமும் ஒன்றாகிவிடுகின்றன. ஆய்வுக் கட்டுரைக்கு இந்தக் குழப்பம் ஆகாது.

'கைமாற்று' எனலாமே என்று சிலர் கேட்கக்கூடும். கொங்குப் பகுதியில் கைமாத்து என்றால், எழுத்தில்லாமல் சில நாள்களுக்கு வாங்கும் கடன். அதில் மூன்றாம் ஆளுக்கு இடமே இல்லை. விமானத்தில் கூலிக்குச் சரக்கும் பணமும் சுமப்பவரைக் குறிக்கும் 'குருவி'யும் பொருந்தாது, ஏனெனில் குருவி பறந்தாக வேண்டும்.

பொருத்தமான சொல் ஈழத்தில் வழக்கிலிருக்கிறது: உண்டியல். புலம்பெயர்ந்தோர் ஊருக்குப் பணம் அனுப்பிய இவ்வழியை அவர்கள் அப்படித்தான் அழைத்தனர். விடுதலைப் புலிகளின் நிதி பற்றிய ஆங்கில ஆய்வுகளும் அச்சொல்லையே எடுத்தாண்டன. வணிகரின் மாற்றுச்சீட்டான ஹுண்டியின் வழிவந்த சொல்தான் இதுவும். தமிழ்நாட்டு வணிகரும் நெடுங்காலம் உண்டியல் எழுதிப் பணம் மாற்றியவர்களே. நமக்குள்ள ஒரே இடர், உண்டியல் என்றதும் இங்கே பழனிக் கோயிலின் காணிக்கைப் பெட்டியே கண்முன் வருவது. ஆகவே அரபு வேரின் பொருளையும் சேர்த்து 'உண்டியல் மாற்று' என்று எழுதுவது தகும் என்பது என் துணிபு.

அப்படியானால் வாளையாற்றுச் செய்தி இவ்வாறு அமையும்: 'கணக்கில் வராத ரொக்கம் பிடிபட்டது, அது உண்டியல் மாற்றுக்கு உரியதா என்று விசாரிக்கின்றனர்.'