ஃபவுலிங் என்றால் படிவுப்பிடிப்பு

சென்னை மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலோ உர ஆலையிலோ வேலை பார்ப்பவர்களுக்கு ஃபவுலிங் என்ற சொல்லை விளக்கவே வேண்டாம். எக்ஸ்சேஞ்சர் (வெப்பப் பரிமாற்றி) டியூபில் ஸ்கேல் என்கிற பொருக்கு பிடித்துவிட்டது, சூடு ஏற மறுக்கிறது, அடுத்த ஷட்டவுனில் டியூப் கட்டான பண்டிலை உருவி வெளியே போட்டு, உயர் அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சும் ஹைட்ரோ ஜெட் அடிக்க வேண்டும் என்ற மொத்தக் கதையும் அவர்களுக்கு அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடும். இதையே தமிழில் எழுத உட்கார்ந்தால் பலரும் "மாசடைதல்" என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முதலில் பொருள். சூடான பாய்மமும் (திரவமோ வாயுவோ) குளிர்ந்த பாய்மமும் ஒன்றோடொன்று கலக்காமல், இடையில் இருக்கும் உலோகச் சுவர் வழியாக வெப்பத்தை மட்டும் கைமாற்றிக்கொள்ளும் கருவிதான் வெப்பப் பரிமாற்றி. அந்தச் சுவரில் உப்போ கரியோ பாசியோ ஒட்டி, நாளாக ஆகத் தடித்து, வெப்பம் போகும் வழியை மறிப்பதைத்தான் ஃபவுலிங் என்கிறோம். பார்க்க மெல்லிய ஏடு மாதிரி இருக்கும், செய்கிற வேலை பெரிது. கார்பன் எஃகு வெப்பத்தைக் கடத்தும் திறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 50 வாட், சுண்ணாம்புப் பொருக்குக்கு அது 2 வாட் அளவில்தான் இருக்கும். அப்படியானால் ஒரு மில்லிமீட்டர் பொருக்கு தருகிற தடை, 25 மில்லிமீட்டர் எஃகுச் சுவரின் தடைக்குச் சமம். சுத்தமாக இருந்தபோது சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 1000 வாட் கடத்திய கருவி, அந்த ஒரு மில்லிமீட்டர் படிந்ததும் 667 வாட்டுக்கு இறங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு போயிற்று!

சொல்லின் பூர்விகம் பழைய ஆங்கிலத்தின் "ஃபூல்". அழுகியது, நாறுவது, அசுத்தமானது என்று பொருள். ஜெர்மன் மொழியின் "ஃபவுல்", சமஸ்கிருதத்தின் "பூதி" எல்லாம் இதே வேரிலிருந்து வந்தவை. கப்பல்காரர்கள் இதைக் கப்பலின் அடிப்பாகத்துக்குக் கொண்டுபோனார்கள். பாசியும் கொட்டலசும் ஏறி வேகம் குறைந்த கப்பலை அப்படித்தான் சொன்னார்கள். 1761இல் பிரிட்டிஷ் கடற்படை "அலார்ம்" என்ற போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்துப் பார்த்ததற்கு மரத்தைத் துளைக்கும் புழுவோடு இந்தத் தொல்லையும் ஒரு காரணம். இன்றும் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுக்குப் போனால், படகுகளைக் கரையேற்றி அடியைச் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அப்புறம்தான் சொல் கொதிகலனுக்கும் வெப்பப் பரிமாற்றிக்கும் வந்து சேர்ந்தது.

ஆக ஆங்கிலத்தில் அழுக்கு என்ற பொருள் வேரிலேயே இருக்கிறது. அதை அப்படியே தமிழில் "மாசு" என்று இறக்கினால் நடப்பது என்ன என்பது மறைந்துபோகிறது. நன்றாக வடிகட்டிய, கண்ணாடி போலத் தெளிந்த நீரிலும் கால்சியம் கரைந்திருக்கும், சூடு ஏற ஏறக் கால்சியம் கார்பனேட்டின் கரைதிறன் குறையும். அதனால் எங்கே சுவர் அதிகம் சூடாக இருக்கிறதோ அங்கேயே போய் உப்பு ஒட்டும். நம் ஊர் போர் தண்ணீரில் ஓடும் கீசரின் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளைப் பொருக்கு தெரியும். பால் பண்ணையில் பாலைச் சூடாக்கும் தகடுகளில் நடப்பதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. சுமார் 70 டிகிரியைத் தாண்டினால் பாலின் மோர்ப்புரதம் உருக்குலைந்து தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பாலில் எந்த மாசும் இல்லை, இருந்தும் ஒட்டுகிறது.

துறை நூல்கள் இதை ஐந்து வகையாகப் பிரிக்கும்: உப்பு படிகமாவது, மிதக்கும் துகள் படிவது, வேதிவினையால் கரியாவது, உலோகம் அரிப்பது, உயிரினம் வளர்வது. இப்போது தமிழர்கள் அன்றாடம் பேசுவதைக் கேளுங்கள். உப்பு பிடித்திருக்கிறது, வண்டல் பிடித்திருக்கிறது, அடிப்பிடித்துவிட்டது, துரு பிடித்திருக்கிறது, பாசி பிடித்திருக்கிறது. ஐந்து வகைக்கும் ஒரே வினைச்சொல்! மணலித் தொழிலாளியும் "ஸ்கேல் பிடிச்சிருக்கு" என்றுதான் சொல்கிறார். கலைச்சொல் ஆக்குகிறவர்கள் தேடிக்கொண்டிருக்கும் வினை எல்லார் வாயிலும் ஏற்கெனவே இருக்கிறது.

அதனால்தான் படிவுப்பிடிப்பு என்கிறேன். வெறும் "படிவு" போதாதா என்றால், போதாது. சுவரில் ஒட்டியிருக்கும் பொருளுக்குப் படிவு என்ற பெயர் சரி, ஒட்டி வளர்கிற நிகழ்வுக்கு இன்னொரு சொல் வேண்டும். ஆராய்ச்சியும் அந்த நிகழ்வைத்தான் துரத்துகிறது. 1959இல் கெர்ன், சீட்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் படியும் வேகத்திலிருந்து பெயர்ந்துபோகும் வேகத்தைக் கழித்து ஒரு கணக்கு போட்டார்கள். 1995இல் எபர்ட், பஞ்சால் இருவரும் கச்சா எண்ணெய்க்கு அதை இன்னும் கூர்மையாக்கினார்கள்: சுவரருகே வெப்பநிலை ஒரு வரம்புக்குக் கீழேயும், ஓட்டத்தின் வேகம் போதுமான அளவிலும் இருந்தால் படிவு பிடிக்கவே பிடிக்காது என்பது அவர்கள் காட்டிய வழி. இது சாதாரணக் கண்டுபிடிப்பு இல்லை. கச்சா எண்ணெயை உலைக்கு அனுப்புமுன் வரிசையாகப் பல பரிமாற்றிகளில் சூடேற்றுவார்கள், அங்கே குறைகிற ஒவ்வொரு டிகிரிக்கும் உலையில் கூடுதலாக எரிபொருளைக் கொளுத்த வேண்டும், புகையும் கூடும். இப்போது அந்த வரம்பை வைத்தே பரிமாற்றி வரிசையை வடிவமைப்பது, வெப்பநிலை, ஓட்டப் பதிவுகளை இயந்திரக் கற்றலுக்குக் கொடுத்து எந்தக் கருவியை எப்போது கழுவுவது என்று கணிப்பது, எதுவும் எளிதில் ஒட்டாத பூச்சுகளைச் சோதிப்பது என்று வேலை பல பக்கம் போகிறது. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கடல்நீரைக் கொண்டுவரும் சுரங்கத்தில் பச்சை மட்டி வளர்வதையும், குளோரின் கொடுத்து அதைத் தடுப்பதையும் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறார்கள். அதற்கு உயிரிப் படிவுப்பிடிப்பு என்று சொல்லலாம். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வுகளில் நடப்பதற்கும் இதே சொல் பொருந்தும், அங்கே வெப்பமே இல்லாவிட்டாலும்.

கூட்டுச்சொல் ஆக்கும்போது ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஃபவுலிங் ரெசிஸ்டன்ஸ் என்பதைப் "படிவுத்தடை" என்று எழுதினால், படிவைத் தடுக்கும் ஏதோ மருந்து என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். அது படிவு தருகிற தடை, ஆகவே "படிவின் வெப்பத்தடை" என்றே எழுதுங்கள். தடுக்கும் மருந்துக்குப் படிவுத்தடுப்பான் இருக்கவே இருக்கிறது.