காலையில் காரைத் துடைக்காதீர்கள்

பெயின்ட் மங்கிவிட்டது என்று எங்கள் பட்டறைக்கு வரும் கார்களை விளக்கடியில் நிறுத்திப் பார்ப்பது வழக்கம். பானெட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். உரிமையாளர் சென்னை வெயிலைத் திட்டுவார். கம்பெனி பெயின்டே மட்டம் என்பார். வெயிலுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் அந்தக் கோடுகளைப் போட்டது தினமும் விடியற்காலையில் காரின்மேல் ஓடும் துணி.

இன்றைய காரில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. பளபளப்பு முழுவதும் அதனுடையது. தகட்டின் மேலுள்ள எல்லாப் பூச்சுகளும் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்; அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 40, 50 மைக்ரான்தான். அதாவது ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. சாலைத் தூசியிலோ மணல் துகள்கள் கலந்திருக்கின்றன. அவை கிளியர் கோட்டைவிடக் கடினமானவை. தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம்.

பாலிஷ் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். சரியாகும், ஆனால் எப்படி? கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டையும் தேய்த்து எடுப்பதால்தான் கோடு மறைகிறது. இருப்பதே அவ்வளவுதான் என்னும்போது, வருடம் தவறாமல் பாலிஷ் போடச் சொல்லும் கடைக்காரரிடம் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெயின்ட்டின் தடிமனை அளக்கும் கருவி அவரிடம் இல்லையென்றால் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் துடைப்பவரை நான் குறை சொல்லவில்லை. மாதம் சில நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, ஒரே வாளியும் ஒரே துணியுமாக வரிசையாக அத்தனை கார்களையும் எட்டு மணிக்குள் முடிக்கச் சொல்வது நாம்தான். பக்கத்துக் காரின் சக்கரச் சேறு நம் கதவுக்கு வரத்தான் செய்யும். அதே சம்பளத்தைக் கொடுத்து, தினமும் கண்ணாடிகளை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை முறையாகக் கழுவினால் போதும்.

முறை என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நிழலில், பானெட் ஆறிய பிறகு தொடங்குங்கள். முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்கிவிட வேண்டும். அதுவரை துணி கார்மேல் படவே கூடாது. பிறகு கார் ஷாம்பு. பாத்திரம் துலக்கும் திரவம் மெழுகுப் பூச்சையும் சேர்த்துக் கழுவிவிடும். இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் ஷாம்பு, மற்றொன்றில் துணியை அலசுவதற்கு வெறும் தண்ணீர். கூரையிலிருந்து கீழே இறங்குங்கள். சக்கரங்களுக்குத் தனித் துணி. அது ஒருநாளும் மேலே ஏறக் கூடாது. கடைசியாக, தண்ணீர் தானாகக் காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். சென்னையில் பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. அது காய்ந்தால் கால்சியமும் மக்னீசியமும் வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடும். புதிய புள்ளிகள் தண்ணீர் கலந்த வினிகரில் போய்விடும். வெயிலில் வெந்த பழைய புள்ளிகள் போகாது.

பறவை எச்சத்தை மட்டும் வாரக் கழுவல்வரை விட்டுவைக்காதீர்கள். அதில் அமிலம் இருக்கிறது; சூடான பெயின்ட்டில் ஒரே பகலில் தடம் பதித்துவிடும். நகத்தால் சுரண்டாமல் ஈரத் துணியைச் சிறிது நேரம் போட்டு ஊறவைத்து எடுங்கள். ஆயுத பூஜைக்கும் இதே எச்சரிக்கை. குங்குமமும் மஞ்சளும் பெயின்ட்டில் நாள்கணக்கில் கிடந்தால் கறை பிடிக்கும். மாலையைக் கட்டும் கம்பி பானெட்டைக் கீறும். பொட்டைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டின் ஓரத்திலோ வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது.

கிளியர் கோட்டுக்கு மேல் பாதுகாப்புக்காகப் பூசும் செராமிக் கோட்டிங் பற்றிக் கேட்காத வாடிக்கையாளர் இல்லை. நாங்களும் செய்து தருகிறோம், நல்ல பொருள்தான். தண்ணீர் நிற்காமல் வழிந்தோடும், கழுவுவது எளிது. ஆனால் கீறலே விழாது என்று விற்பது பொய். விளம்பரத்தில் வரும் 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மணலுக்கும் சாவிக்கும் அது பதில் இல்லை.

இனி உள்ளே. வெளியே செய்யும் தவறு அழகைக் கெடுக்கும். உள்ளே செய்யும் தவறு உயிருக்கே ஆபத்தாகலாம். முன் இருக்கைகளுக்கு அடியில் குனிந்து பார்த்தால் மஞ்சள் நிற இணைப்புகள் தெரியும். அவை ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டவை. சில கடைகளில் கார்பெட் அழுக்குப் போகட்டும் என்று உள்ளேயே தண்ணீரை அடித்துவிடுகிறார்கள். அந்த இணைப்புகளில் ஈரம் ஏறினால் சில நாள் கழித்து ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கும். அந்த விளக்கு எரியும்போது விபத்து நேர்ந்தால் ஏர்பேக் விரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உட்புறத்துக்கு வாக்குவம், பிழிந்த துணி, நுரை ஆகியவை போதும்.

ஸ்டீயரிங்கிலும் பெடல்களிலும் பளபளப்புத் திரவம் பூசுவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். பிரேக்கில் கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. டேஷ்போர்டில் பூசினாலும் அதன் மினுமினுப்பு முன்கண்ணாடியில் பிரதிபலித்து, நண்பகலில் பாதையை மறைக்கும். சீட் பெல்ட்டுக்கு பிளீச் கூடாது, அது நூலிழையை நலிவாக்கும். மென்மையான சோப்புத் தண்ணீரில் துடைத்து, இழுத்த நிலையிலேயே காயவிடுங்கள்.

ஏசியைப் போட்டதும் ஈரச் சாக்கு வாடை வருகிறதா? வாசனைப் புட்டி வாங்கி மாட்டுவது வீண். கூலிங் காயிலில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்திருக்கும். வீடு வந்து சேர்வதற்கு ஓரிரு நிமிடம் முன்பே ஏசியை அணைத்து, காற்றாடியை மட்டும் ஓடவிட்டால் காயில் காய்ந்துவிடும். பெரும்பாலான கார்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ஐந்தாறு வருடம் ஓட்டியவர்களைப் பார்க்கிறோம்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துபவர்கள், வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தை வாரம் ஒருமுறை கையால் துப்புரவாக்குங்கள். சருகும் பூவும் அங்கேதான் போய் அடைக்கும். அடைத்தால் மழைத் தண்ணீர் ஏசி காற்று போகும் வழியாகக் காருக்குள் இறங்கும். கதவுகளின் அடி விளிம்பிலும் சிறு வடிகால் துளைகள் உண்டு. அவற்றில் மண் அடைத்துத் தண்ணீர் தேங்கினால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும்; வெளியே கொப்புளம் தெரியும்போது தகடு போயிருக்கும். ஒரு பல்குத்தும் குச்சி போதும் இந்த வேலைக்கு.

கடற்கரைச் சாலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவுவது கட்டாயம். உப்புக் காற்று முதலில் தின்பது அங்கேதான். ஆனால் கழுவி முடித்ததும் அடியில் டீசல் அடித்துக் கருகருவென்று காட்டும் வழக்கம் வாட்டர் சர்வீஸ் கடைகளில் இன்னும் போகவில்லை. டீசல் பட்டால், அதிர்வைத் தாங்க மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் ஊறி வீங்கிவிடும்; புழுதியும் அப்பிக்கொள்ளும். துருவைத் தடுக்க வேண்டுமென்றால் அதற்கென்றே உள்ள பூச்சை அடிக்கலாம். டீசல் வேண்டாம் என்று சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்; வண்டி மேடையேறிய பிறகு சொன்னால் யார் காதிலும் விழாது.