காக்காப்பொன்னில் சிக்கிய சீசியம்

ஏற்காடு அடிவாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அணு உலை விபத்துகள் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். செர்னோபில், ஃபுகுஷிமா எல்லாம் சொல்லி முடித்ததும் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், எங்க ஊர்ல ஐப்பசி மழை பெஞ்சா மலைமேல இருக்கற செம்மண்ணே கரைஞ்சு ஓடையில வந்துரும். சீசியம் உப்பு மாதிரி தண்ணில கரையும்னு சொன்னீங்க. அப்ப இத்தனை வருஷ மழையில அது கரைஞ்சு போயிருக்கணுமே, ஏன் போகல?"

அன்றைக்கு மணி அடித்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடம் போதாது. அணு உலை விபத்துகளைப் பற்றி நான் கேட்ட மிக நல்ல கேள்விகளில் அது ஒன்று.

தெரிந்த கதையை வேகமாகத் தாண்டிவிடலாம். 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் செர்னோபிலின் 4ஆம் உலை வெடித்தது. 2011 மார்ச் 11இல் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கியதைத் தொடர்ந்து ஃபுகுஷிமாவில் 3 உலைகளின் எரிபொருள் உருகியது. வெளியே வந்த கதிரியக்கப் பொருள்களில் அயோடின்-131இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள். முதல் சில வாரங்களுக்கு அது மிகக் கொடியது, குறிப்பாகக் குழந்தைகளின் தைராய்டுக்கு. மூன்று மாதத்தில் அநேகமாகத் தீர்ந்துவிடும். புளூட்டோனியம் எளிதில் ஆவியாகாது என்பதால் பெரும்பாலும் உலைக்குப் பக்கத்திலேயே விழுந்தது. சீசியம் அப்படி இல்லை. 671 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் உலோகம் அது. உலை உருகும் சூட்டில் ஆவியாகி, மேகத்தோடு போய், எங்கே மழை பெய்ததோ அங்கே இறங்கியது. சீசியம்-137இன் அரை ஆயுள் 30 ஆண்டு. 1986இல் விழுந்ததில் பாதி 2016இல்தான் குறைந்தது. ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்க 300 ஆண்டு ஆகும்.

சரி, இப்போது அவள் கேள்விக்கு வருவோம். தனிம அட்டவணையில் சீசியம், சோடியமும் பொட்டாசியமும் உள்ள அதே குடும்பம். அதன் உப்புகள் நம் சமையல் உப்பைப் போலவே தண்ணீரில் நன்றாகக் கரையும். மழை பெய்தால் கரைந்து, ஆழத்துக்கு இறங்கி, நிலத்தடி நீரில் கலந்து போயிருக்க வேண்டும். ஆனால் செர்னோபில் பகுதியில், உழாமல் விட்ட சாதாரண மண்ணைத் தோண்டி அளந்து பார்த்தால், பல பத்தாண்டு மழைக்கும் பனி உருகலுக்கும் பிறகு சீசியத்தின் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே இருக்கிறது. ஒரு சாண் ஆழம்கூட இறங்கவில்லை. கரையும் பொருள் ஏன் இறங்கவில்லை?

பிடித்து வைத்திருப்பது மண்தான். அது எப்படிப் பிடிக்கிறது என்று முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

காக்காப்பொன் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஓடைமணலில் மினுமினுக்கும் சின்னத் தகடு. பாடப்புத்தகத்தில் அபிரகம் என்று போட்டிருப்பார்கள். அதன் கறுப்பு வகைக்கு பயோடைட் என்று பெயர். சின்ன வயதில் அதை நகத்தால் நெம்பி இதழ் இதழாக உரித்திருப்போம். எவ்வளவு மெல்லியதாக உரித்தாலும் அதற்குள் இன்னும் மெல்லிய இதழ் ஒன்று இருக்கும். அது அப்படி உரிவதற்கான காரணமும், செர்னோபில் சீசியம் அங்கேயே நிற்பதற்கான காரணமும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் ஒரு தகட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கனம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குள் இப்படிப் பத்து லட்சம் தகடுகள் அடங்கும். ஒவ்வொரு தகட்டுக்கும் எதிர்மின்னூட்டம் உண்டு என்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளத்தான் பார்க்கும். தள்ளவிடாமல் பிடித்துவைப்பது இடையில் உட்கார்ந்திருக்கும் பொட்டாசியம் அயனிகள். உட்காரும் இடமும் விசேஷமானது. தகட்டின் மேற்பரப்பில் ஆறு ஆக்சிஜன் அணுக்கள் வட்டம் கட்டி நிற்கும். நடுவில் ஒரு குழி. இப்படி வரிசை வரிசையாகக் குழிகள். இரண்டு பல்லாங்குழிப் பலகைகளை முகத்துக்கு முகம் கவிழ்த்து, ஒவ்வொரு ஜோடிக் குழிக்கும் நடுவே ஒரு புளியங்கொட்டையை வைத்து அமுக்கினால் எப்படி இருக்கும், அப்படித்தான். புளியங்கொட்டைதான் பொட்டாசியம்.

இனி அந்தக் காக்காப்பொன் பல்லாயிரம் ஆண்டு மழையில் கிடக்கிறது. வேர் கசியும் அமிலமும் மழைநீரும் ஓரத்தில் இருக்கும் பொட்டாசியத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போகின்றன. கொட்டை போன இடத்தில் தண்ணீரும் கால்சியமும் புகுந்து பலகைகளை விலக்குகின்றன. நடுவில் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஓரம் மட்டும் நனைந்து காய்ந்த பழைய நோட்டுப் போல விரிந்துவிடுகிறது. விரிந்த இடத்துக்கும் இறுகிய இடத்துக்கும் நடுவே ஆப்பு வடிவில் ஓர் இடுக்கு உண்டாகிறது. இதைப் பிசிறு ஓரம் என்று சொல்லலாம். இல்லைட் போன்ற களிமண் கனிமங்களிலும் இதே அமைப்புத்தான்.

இந்த இடுக்குக்குள் யார் போக முடியும்? தண்ணீரில் எந்த அயனியும் வெறுமேனியாகத் திரியாது. தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டுதான் நகரும். கால்சியமும் மக்னீசியமும் சின்ன உருவம், இரட்டை மின்னூட்டம். ஆகவே போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். போர்வையோடு சேர்ந்தால் உருவம் பெரிது, இடுக்குக்குள் நுழையாது. சீசியமோ பெரிய அயனி, மின்னூட்டம் ஒன்றே ஒன்று. அதன் மேல் தண்ணீர் தோளில் போட்ட துண்டு மாதிரிதான் கிடக்கும். இடுக்கின் வாயில் அதை உதறிவிட்டு உள்ளே போய் ஆக்சிஜன் குழியில் உட்காருகிறது. குழி அதற்குப் பொருந்துகிறது. உட்கார்ந்ததும் விலகிய தகடுகள் மறுபடி நெருங்கி அதன் மேல் மூடிக்கொள்கின்றன. அப்புறம் மழை என்ன செய்யும்? தண்ணீர் போக வழியே இல்லை.

இந்த இடுக்கைப் பிடிக்கப் பொட்டாசியமும் சீசியமும் போட்டியிட்டால், சீசியத்துக்குக் கிடைக்கும் முன்னுரிமை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. காலம் போகப் போக அது இன்னும் உள்ளே நகர்ந்து இன்னும் இறுகுகிறது. இத்தனைக்கும் மொத்தக் களிமண்ணில் பிசிறு ஓரங்கள் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சமே போதும். கதிரியக்கத்தை அளக்கும் அலகு பெக்கரல்; நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். சதுர மீட்டருக்கு 14.8 லட்சம் பெக்கரலுக்கு மேல் இருந்த இடங்களைச் செர்னோபிலைச் சுற்றி மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பகுதியாக வைத்திருந்தார்கள். அந்த 14.8 லட்சத்தை எடையாக மாற்றினால் அரை மைக்ரோகிராம்கூட வராது. ஒரு கல் உப்பை ஆயிரம் பங்காக்கினாலும் ஒரு பங்கு அதைவிடக் கனமாக இருக்கும். மனிதர்களை ஊரைவிட்டு எழுப்பிய பொருள் சதுர மீட்டருக்கு அவ்வளவுதான் விழுந்தது. அதை ஒளித்துவைக்க மண்ணில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

அப்படியானால் ஒரு நிலம் எத்தனை நாள் நஞ்சாக இருக்கும் என்பதை அரை ஆயுள் மட்டும் முடிவு செய்வதில்லை. மண் என்ன மண் என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. இதைத் தெரிந்துகொள்ள பிரிட்டன் நிறைய விலை கொடுத்தது. செர்னோபில் மேகம் அங்கே மலைமேல் மழையாக இறங்கியதும், 1986 ஜூனில் மலைப்பகுதி ஆடுகளை விற்கவும் வெட்டவும் தடை போட்டார்கள். மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்று அரசு சொன்னது. அந்தக் கணக்கு களிமண் நிலங்களில் சீசியம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துப் போட்டது. ஆனால் அந்த மலைகளில் இருந்தது மக்கிய பாசியும் புல்லும் சேர்ந்த, ஈரம் வற்றாத கறுப்பு மண். அதில் பிசிறு ஓரம் கிடையாது என்றே சொல்லலாம். சீசியம் தளர்வாகக் கிடந்தது, புல் உறிஞ்சியது, ஆடு மேய்ந்தது, புழுக்கையாக மறுபடி மண்ணுக்கு வந்தது. கடைசித் தடையை விலக்கியது 2012இல். மூன்று வாரம் 26 ஆண்டு ஆயிற்று. தங்கள் மலையைப் பற்றி ஆடு வளர்ப்பவர்கள் சொன்னதை அதிகாரிகள் காதில் போட்டுக்கொண்டிருந்தால் இவ்வளவு இழுத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

காட்டிலும் இதே கதைதான். ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலில் நடந்தால் காலுக்குக் கீழே சருகு மெத்தை போல அமுங்குமே, அதுபோன்ற மெத்தை செர்னோபில், ஃபுகுஷிமா காடுகளிலும் உண்டு. சீசியம் முதலில் அந்த மக்கில் தங்குகிறது. களிமண் அதற்கும் கீழே இருக்கிறது. காளானின் நூல்கள் அதை உறிஞ்சுகின்றன, மரம் வேரால் இழுக்கிறது, இலைக்குப் போகிறது, இலை உதிர்கிறது, மறுபடி மக்கு. தெற்கு ஜெர்மனியின் காட்டுப்பன்றிகள் மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளானைத் தோண்டித் தின்கின்றன. அதனால் கிலோவுக்கு 600 பெக்கரல் என்ற வரம்பை அவற்றின் இறைச்சி இன்றும் தாண்டுகிறது. அதில் ஒரு பங்கு செர்னோபிலுக்கும் முந்தையது, வளிமண்டலத்தில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து வந்தது என்று 2023இல் கண்டுபிடித்தார்கள்.

ஃபுகுஷிமாவின் வயல்களில் நடந்ததைப் படித்தால் மனம் நிறைகிறது. அந்தப் பக்கத்து மலைகள் கருங்கல் மலைகள். அதிலிருந்து உதிர்ந்து மட்கிய கறுப்புக் காக்காப்பொன் மண்ணில் நிறைய. மண்துகள்களைப் பிரித்துப் பார்த்த ஜப்பானிய ஆய்வாளர்கள், சீசியம் அந்தத் தகடுகளில்தான் குவிந்திருக்கிறது என்று காட்டினார்கள். மிச்சம் தளர்வாகக் கிடப்பதைப் பயிர் எடுக்காமல் தடுக்க வேண்டும். வேருக்குச் சீசியத்தையும் பொட்டாசியத்தையும் சரியாகப் பிரித்தறியத் தெரியாது. மண்ணில் பொட்டாசியம் குறைந்தால் சீசியத்தையும் சேர்த்து வாரிக்கொள்ளும். ஆகவே வயலுக்குப் பொட்டாஷ் போட்டார்கள், அவ்வளவுதான். சேலத்தில் மரவள்ளி போடும் எந்த விவசாயியும் மூட்டை மூட்டையாக வாங்கும் அதே பொட்டாஷ். 2012 முதல் விளைந்த நெல்லை மூட்டை விடாமல், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி மூட்டை, சோதித்தார்கள். 2015 விளைச்சலிலிருந்து ஒரு மூட்டைகூடக் கிலோவுக்கு 100 பெக்கரல் வரம்பைத் தாண்டவில்லை. இன்னொரு பக்கம், சீசியம் மேலேயே நின்றதால் மேல்மண்ணை ஐந்து சென்டிமீட்டர் சீவி அள்ளினாலே போதுமானதாக இருந்தது. அள்ளியது சுமார் 1.4 கோடி கன மீட்டர். 2045க்குள் அதை அந்த மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். எங்கே என்பது இன்னும் முடிவாகவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு கோபமும் வருகிறது. சாணம் மெழுகிய சுவர் கதிர்வீச்சைத் தடுக்கும் என்று கைப்பேசியில் சுற்றும் செய்தியை, நன்றாகப் படித்த பெரியவர்களே எனக்கு அனுப்புகிறார்கள். சீசியம்-137இன் காமாக் கதிரைப் பாதியாகக் குறைக்கவே ஐந்து சென்டிமீட்டர் கான்கிரீட் வேண்டும். மெழுகிய சாணத்தின் கனம் ஒன்றும் செய்யாது. அயோடின் மாத்திரையும் சீசியத்துக்கு உதவாது. அது தைராய்டை அயோடின்-131இடமிருந்து காப்பதற்கு மட்டுமே. உடலுக்குள் போன சீசியத்தை வெளியேற்ற உண்மையான மருந்து ஒன்று உண்டு. பிரஷ்யன் நீலம் என்ற சாயம். 1987இல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட மருத்துவக் கருவியை உடைத்துச் சீசியத்தைக் கையால் தொட்டவர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். அதன் படிகத்திலும் சீசியம் பொருந்தும் அளவில் கூண்டு இருக்கிறது. குடலில் சீசியத்தைப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோகிறது. காக்காப்பொன் செய்யும் வேலையேதான்.

நம் மண்ணைப் பற்றி நமக்கு இந்த அளவுக்குத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உச்சியில் பாக்சைட் இருக்கிறது. அது நீண்ட காலம் மழையில் கழுவுண்டு, பொட்டாசியமெல்லாம் போய், அலுமினியம் மட்டும் தேங்கிய மண். அந்த வகை மண்ணில் பிசிறு ஓரம் குறைவு. சீசியத்தை இறுகப் பிடிக்காது. கீழே இறங்கினால் மண் வேறு. இருபது கொண்டை ஊசி வளைவுக்குள் விதி மாறிவிடும். பிரிட்டன் செய்த தப்பு இதுதானே, சமவெளி மண்ணின் கணக்கை மலைக்குப் போட்டது. அணு உலைகள் இருக்கும் மாநிலத்தில், எந்த வட்டாரத்து மண்ணில் எந்தக் களிமண் இருக்கிறது என்று அளந்து வைக்க மண்ணியல் துறைகளுக்குப் பணம் கொடுக்க வேண்டும். பெரிய ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டல் இதற்குக் கிடைக்காது. ஆனாலும் கொடுக்க வேண்டும்.

கடைசியாக அந்த மாணவிக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் கேள்வியில் ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றுவேன். ஐப்பசி மழையில் செம்மண் கரைந்து வருவதில்லை, மிதந்து வருகிறது. திருமணிமுத்தாற்றில் வெள்ளம் சிவப்பாக ஓடும்போது ஒரு பாட்டிலில் பிடித்து இரவெல்லாம் அசைக்காமல் வை. காலையில் மேலே தண்ணீர் தெளிந்திருக்கும், அடியில் வண்டல் படிந்திருக்கும். ஃபுகுஷிமாவிலும் புயல்மழையில் சீசியம் ஆற்றில் வந்தது. தண்ணீரில் கரைந்தது கொஞ்சம், களிமண் துகளைப் பற்றிக்கொண்டு வந்ததுதான் அதிகம். அது உக்கெடோ ஆற்றின் ஓகாகி அணையில் அடிச்சேறாகப் படிந்து கிடக்கிறது. அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம் உலகத்து மண்ணிலெல்லாம் துளித்துளியாக விழுந்திருக்கிறது. 1963 வாக்கில் அது உச்சத்தில் இருந்தது. ஒரு சரிவில் அது எவ்வளவு மிச்சம் என்று அளந்து, அந்தச் சரிவு எவ்வளவு மண்ணை இழந்தது என்று இன்று கணக்குப் போடுகிறார்கள். உங்கள் ஊர் ஓடைக்கு மேலே உள்ள சரிவிலும் அதை அளந்து பார்க்கலாம். நீ அளப்பதாக இருந்தால் கருவியை நான் ஏற்பாடு செய்கிறேன்.